சாம்பல் பூத்த சிசுக்கள்

பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு பிறக்கும் குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வந்துவிடுமோ என்று அஞ்சி, 1950களில் முன்கூட்டியே குளோராம்பெனிகால் கொடுத்தார்கள். வெனிசுவேலா மண்ணிலிருந்த நுண்ணுயிரி தந்த மருந்து அது, டைபாய்டையே பணியவைத்திருந்தது. எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஏறியது. சில நாட்களில் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வயிறு உப்பும், மேனி சாம்பல் பூக்கும், ரத்த ஓட்டம் நிலைகுலையும்.

குறைமாதத்தில் பிறந்தவை பிழைப்பதே அரிதாக இருந்த காலம். அந்த மரணங்களைத் தொற்றின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. லாஸ் ஏஞ்சலிஸில் பர்ன்ஸ், ஜோன் ஹாட்ஜ்மன், காஸ் ஆகிய ஆய்வாளர்கள் மருந்தே பெறாத குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு: மருந்து பெறாதவர்களில் இறந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, குளோராம்பெனிகால் பெற்றவர்களில் பாதிக்கும் மேல். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் நல்லெண்ணமே தொடர்ந்து கொன்றிருக்கும்.

கல்லீரல் இம்மருந்தோடு குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்து, நீரில் கரையச் செய்து சிறுநீரில் அனுப்ப வேண்டும். கோக்கும் நொதி சிசுவிடம் மிகக் குறைவு. இதைக் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடலின் மஞ்சள் நிறமியான பிலிருபினையும் இதே நொதிக் குடும்பம்தான் கோக்கிறது. கோக்கப்படாத பிலிருபின்தான் நஞ்சுக்கொடியை எளிதில் கடந்து தாயின் கல்லீரலைச் சேரும். ஆகவே கருவில் கோக்காமல் இருப்பதே குழந்தைக்கு நன்மை. பிறப்புக்குச் சற்று முன்பு, பிலிருபினைக் கோக்கும் நொதியின் செயல்திறன் பெரியவர்களிடம் இருப்பதில் சுமார் நூறில் ஒரு பங்கு. பிறந்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது நிறைவடைகிறது. அதை முடுக்குவது கருவில் கழிந்த மாதங்களைவிடப் பிறப்பே.

பிறந்த மூன்றாம் நாள் எத்தனையோ குழந்தைகளின் கண்ணில் மஞ்சள் படர்வதை மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்தார்கள். கல்லீரல் இன்னும் தயாராகவில்லை என்பதற்கு அதைவிட வெளிப்படையான அறிகுறி ஏது? அப்படியிருந்தும் மருந்தளவுக்கு எடையை மட்டுமே நம்பினார்கள். பின்னர் பச்சிளங்குழந்தைகளுக்கான அளவு கிலோவுக்கு 25 மில்லிகிராமாகக் குறைந்தது.

இன்று குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நின்று நின்று வரும்போது காஃபீன் கொடுக்கிறார்கள். பெரியவர்களிடம் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன், கல்லீரல் இன்னும் தயாராகாத இவர்களிடம் பாதியாக நான்கு நாட்கள்கூட ஆகும். அதனால் நாளுக்கு ஒரு வேளை கொடுத்தாலே போதும்.