கைக்குழந்தையோடு கடல் கடந்தவர்கள்

2022 மார்ச்சில் வடக்கிலிருந்து படகேறிய பதினாறு பேர் இராமேஸ்வரம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் நான்கு மாதக் குழந்தையும் இருந்தது. விலைவாசி தாங்காமல் வெளிக்கிட்டவர்கள். பிள்ளைகளோடு வெளிநாட்டுப் பயணம் என்றால் எம்மில் பலருக்கு இதுதான்.

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பல் ஓடத் தொடங்கியது. நல்லது. ஆனால் அதில் ஏறக் கைக்குழந்தைக்கும் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும். படகில் போனவர்கள் திரும்பிவருவதோ இன்னும் சிக்கல். அனுமதியில்லாத வழியால் நாட்டைவிட்டு வெளியேறியது குடிவரவுச் சட்டத்தின்படி குற்றம். 2025 மே மாதம், தமிழகத்திலிருந்து முறைப்படி பலாலிக்கு வந்திறங்கிய வயோதிப அகதியையே கைதுசெய்தார்கள். அந்தச் செய்தியை மண்டபம் முகாமில் வாசிக்கும் தாய் எந்தத் துணிவில் பிள்ளைகளைக் கூட்டிவருவாள்? திரும்புவோர்மீது வழக்கில்லை என்பதைச் சட்டத்திலேயே எழுதவேண்டும் என்கிறேன். வாய்மொழி வாக்குறுதி விமான நிலையத்தில் செல்லாது.