ஒட்டுக்கன்று வாங்குமுன் அடிவேரைக் கேளுங்கள்

மாரி தொடங்கும்போது கன்றுகளும் வரத் தொடங்கிவிடும். லொறியில் வந்து இறங்கும் ஒட்டு மாங்கன்று, தேசிக்கன்று, மாதுளங்கன்று எல்லாவற்றுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். பெயர் வாசிக்கப்பட, குடும்பத்துக்கு இரண்டோ மூன்றோ வாங்கிக்கொண்டு வளவுக்குத் திரும்புவோம். அந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது கறுத்தக்கொழும்பானோ, விலாட்டோ?" இதன் அடி என்ன மா என்று எவரும் கேட்டு நான் அறியேன். கொடுக்கின்ற எங்களுக்கும் அது தெரிவதில்லை.

நானும் அப்படிக் கொடுத்தவன்தான். சில வருடங்களுக்கு முன், கடலுக்குக் கிட்டிய மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றுக்கு ஒரு நிறுவனத்தின் உதவியுடன் ஒட்டு மாங்கன்றுகள் கொண்டுபோனோம். கையொப்பம் வாங்கினோம், படமும் எடுத்தோம். முதல் வருடம் கன்றுகள் தளதளவென்று நின்றன. இரண்டாம் வருடம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. பிறகு இலை நுனி கருகத் தொடங்கியது. மூன்றாம் வருடம் பெரும்பாலானவை விறகுக்கும் உதவாத குச்சிகளாயின. அந்த ஊர்த் தாய் ஒருவர் என்னை மறித்து, "சுவாமி, கிணத்தடியில தானா முளைச்ச மா நிக்குது. அதே மண், அதே தண்ணி. நீங்கள் தந்தது மட்டும் ஏன் சாகுது?" என்று கேட்டார். அன்று என்னிடம் மறுமொழி இல்லை. பசளை போடவில்லையோ என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது தவறான மறுமொழி.

ஒட்டுமரம் என்பது ஒரு மரமல்ல, இரண்டு மரம். மேலே ஒட்டப்பட்ட கிளை பழத்தின் இனத்தைத் தீர்மானிக்கிறது. கீழே நிற்கும் ஒட்டுக்கட்டைதான் மண்ணோடு வாழ்க்கை நடத்துகிறது. மரம் எவ்வளவு உயரும், எத்தனையாம் வருடம் காய்க்கும், கோடையைத் தாங்குமா, உவர்நீரைக் குடித்துப் பிழைக்குமா, சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை உறிஞ்சுமா என்பவற்றில் பெரும்பங்கு அந்த அடிக்கட்டைக்கு உண்டு. இலை வெளுத்து நரம்பு பச்சையாக நிற்பது, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாததன் அடையாளம். அந்தக் கன்றுகளின் அடி எங்கேயோ வேறு மண்ணில் பொறுக்கிய மாங்கொட்டை.

இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்த நாடு பிரான்ஸ். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்சரா என்னும் சிறு பூச்சி அங்கே முந்திரிகைக் கொடிகளின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் காட்டு முந்திரிகையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்று கண்டு, அதன்மேல் தங்கள் கொடிகளை ஒட்டினார்கள். பிரச்சினை தீர்ந்ததென்றே நினைத்தார்கள். ஆனால் சுண்ணாம்பு மண் உள்ள பகுதிகளில் அந்தக் கொடிகள் மஞ்சளாகிச் செத்தன. பூச்சியைத் தாங்கிய வேர் சுண்ணாம்பைத் தாங்கவில்லை. 1887இல் பியர் வியாலா என்ற அறிஞரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே தோமஸ் மன்சன் என்ற முந்திரிகை வல்லுநரின் துணையோடு, ரெக்சாஸ் மாநிலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் தானாகவே வளர்ந்து நின்ற ஓர் இனத்தைக் கண்டெடுத்தார். அதன் தடி இலகுவில் வேர்விடாது என்பதால் வேறு இனங்களோடு கலந்து புதிய ஒட்டுக்கட்டைகளை உண்டாக்கினார்கள். சுண்ணாம்பு நிலத்துக்குரிய வேரைச் சுண்ணாம்பு நிலத்திலேயே தேடினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கிணற்றடி மாவைக் காட்டிய அந்தத் தாய் சொன்னதும் இதைத்தான்.

மாவிலும் இது நடந்திருக்கிறது. இஸ்ரேலில் சுண்ணாம்பு மண்ணையும் உவர்நீரையும் தாங்கும் மாவைத் தெரிந்தெடுத்து, 13-1 என்று இலக்கமிட்டு, அதையே ஒட்டுக்கட்டையாகப் பயன்படுத்துகிறார்கள். இந்திய ஆய்வுகளில், நம் ஊர்ப் பெயரையே தாங்கிய வெள்ளைக்கொழும்பானில் ஒட்டிய மரங்கள் உயரம் குறைந்து வளர்ந்தன. ஏணியில்லாமல் காய் பறிக்கக்கூடிய மரம் சிறிய வளவுக்கு எவ்வளவு உதவி!

மாங்கொட்டையில் ஒரு நுணுக்கம் உண்டு. சில இனங்களின் கொட்டையிலிருந்து ஒரு முளை மட்டும் வரும். அது தாயும் மகரந்தமும் கலந்த பிள்ளை, ஒன்றைப்போல் இன்னொன்று இராது. வேறு சில இனங்களில் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் வரும். அவற்றிற் பெரும்பாலானவை தாய்மரத்தின் அச்சு அசலான பிரதிகள். ஆகவே உங்கள் ஊரில் உவரையும் வரட்சியையும் தாங்கி நிற்கும் ஒரு கிழட்டு மா பல முளை தரும் இனமாக இருந்தால், அதன் குணத்தை அப்படியே அடுத்த தலைமுறை வேருக்குக் கொடுக்கலாம். ஐந்தாறு கொட்டைகளின் ஓட்டை நீக்கி ஊன்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். கொட்டை காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற சில நாட்களிலேயே ஊன்ற வேண்டும்.

பலர் சீமை அத்தியைப் பற்றியும் கேட்கிறார்கள். அத்தியைத் தடி வெட்டி நட்டாலே வேர்விடும், ஒட்டவேண்டிய தேவை அதிகமில்லை. ஆனால் மணற்பாங்கான நிலத்தில் நெமற்றோட்டு எனப்படும் நுண்புழு அதன் வேரில் முடிச்சுப்போட்டு மரத்தை நலிய வைக்கும். அதற்காகவே இந்தியாவில் நம் நாட்டு அத்தியின்மேல் சீமை அத்தியை ஒட்டும் வழக்கம் வந்தது. நாட்டு அத்தி பெரிய மரமாகும் இனம், ஆகவே இடம் விட்டு நடவேண்டும். காசு கொடுத்துச் சீமை அத்திக் கன்று வாங்குவோர் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பையைக் கிழித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

பை என்றதும் இன்னொன்று. சிறிய பொலித்தீன் பையில் நீண்ட நாள் நின்ற கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. நமது நிலத்தில் கோடையைத் தாண்டுவதற்கு ஆணிவேர் ஆழம் போகவேண்டும். ஆகவே என் கருத்து இது: நிறுவனங்கள் ஒட்டிய கன்றை லொறியில் கொண்டுவருவதைக் குறைத்து, ஒட்டத் தெரிந்த ஆளைக் கிராமத்துக்குக் கொண்டுவர வேண்டும். வைகாசி, ஆனியில் ஊர்மாங்கொட்டையை நிற்கவேண்டிய குழியிலேயே ஊன்றுங்கள். அடுத்த வருடம் தண்டு பென்சில் தடிப்புக்கு வந்ததும் அவ்விடத்திலேயே ஒட்டலாம். ஒட்டுக்கிளையும் அதே தடிப்பில் இருக்கட்டும். வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக அதன் இலைகளைக் காம்பு விட்டு நறுக்கினால் மொட்டு திரண்டு நிற்கும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். விட்டால் அடிக்கட்டை மேலே வந்து, நீங்கள் ஒட்டிய கறுத்தக்கொழும்பான் மறைந்துபோகும்.

இதற்கு ஒரு வருடம் கூடச் செல்லும் என்பது உண்மை. அறிக்கையில் "விநியோகித்த கன்றுகள்" என்ற கட்டத்தை நிரப்பவும் இது வசதிப்படாது. கன்றை எண்ணும் நாங்கள் ஐந்தாம் வருடத்தில் வந்து மரத்தை எண்ணுவதில்லையே!

சொந்தக் காணி இன்னும் கிடைக்காமல் பிறர் காணியில் இருப்போர், "நாங்கள் காய்க்கு முன்னம் எழும்ப வேண்டிவந்தால்?" என்று கேட்பது எனக்குத் தெரியும். 1995இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது நான் சிறுவன். பூத்து நின்ற தேசியைத் திரும்பிப் பார்த்த நினைவு இருக்கிறது. அவர்களிடம் மா நடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சுண்டங்கத்தரிக் கன்றில் கத்தரியை ஒட்டிப் பாருங்கள். வேலிக்கரையில் கேட்பாரற்று நிற்கும் சுண்டங்கத்தரியின் வேர் வாடல் நோயையும் நுண்புழுவையும் பெருமளவு தாங்கும். பலன் அந்தப் போகத்திலேயே கைக்கு வரும். பத்துக் கன்று ஒட்டினால் நாலு தப்பும், அடுத்த தடவை எட்டுத் தப்பும். கை பழகிவிடும். கற்ற கை எங்கே போனாலும் கூடவே வரும்.

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த காணிகள் 2009க்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, பற்றைக்குள்ளே தானாக முளைத்துப் பருத்த மாமரங்களைப் பலர் கண்டார்கள். முதல் வேலையாக அவற்றைத் தறித்து விறகாக்கினார்கள். தயவுசெய்து பொறுங்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அத்தனை கோடையைத் தாண்டிய வேரை எந்த நாற்றுமேடையிலும் வாங்க முடியாது. கிளைகளை வெட்டிவிட்டு, புதுத் தளிர் வந்ததும் அதிலே நல்ல இனத்தை ஒட்டலாம். ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விடவேண்டும், வேருக்குச் சாப்பாடு போக.

அந்தத் தாயின் கிணற்றடி மாவிலும் அப்படித்தான் ஒட்டினோம். வந்த தளிர்களில் ஏழில் ஒட்டி நாலு பிடித்தன. மூன்றாம் வருடம் கறுத்தக்கொழும்பான் காய்த்தது. வேருக்காக விட்ட பழைய கிளையை இனி வெட்டலாம் என்று சொன்னேன். "அது நிக்கட்டும் சுவாமி, ஊறுகாய்க்கு அந்தக் காய்தான் நல்லது" என்றுவிட்டார்.