பழைய கணனிக்குப் புதிய கார்ட்: வாங்க முன் கணக்குப் பாருங்கள்

கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். கல்யாண அழைப்பிதழ், கடைப் பலகை, பதாகை என்று நாள் முழுவதும் அவருக்கு வேலை. கணனியோ எட்டு வருடப் பழசு. "நானா, பொடியன் கிராபிக்ஸ் கார்ட மாத்தச் சொல்றான். மாத்தினா வேகம் வருமா?" என்று கேட்டார்.

"எந்த இடத்தில் தாமதிக்கிறது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். கணனியைத் திறக்கவும் பெரிய கோப்புகளை எடுக்கவும்தான் நேரம் போகிறது என்றார். அப்படியானால் குற்றம் கார்டில் இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கில். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டார். வேலை ஓடியது, கார்டுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி கையில் மிஞ்சியது.

நம்மவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். பில் போடுவது, சரக்கிருப்புப் பார்ப்பது, எக்செல் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றுக்குத் தனிக் கார்ட் தேவையே இல்லை. பெரும்பாலான கணனிகளில் புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே தாராளமாகப் போதும். கல்யாண வீடியோ தொகுப்பவர், தளபாட வரைபடத்தை முப்பரிமாணத்தில் காட்டுபவர் போன்றோருக்குத்தான் கார்ட் உண்மையில் உழைத்துத் தரும்.

அப்படித் தேவைப்படுபவர்களும் முதலில் கணனிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். தாய்ப்பலகையின் துளை வழியாக ஒரு கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் ஆகக் கூடியது 75 வாட். அதற்கு மேல் இழுக்கும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். பழைய அலுவலகக் கணனிகள் பலவற்றில் அந்த வயரே இருக்காது. ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்றவற்றில் தனி வயர் இல்லாமலே ஓடும் மாதிரிகள் உண்டு. மெல்லிய பெட்டியாக இருந்தால் உயரம் குறைந்த கார்டைக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றைப் பார்க்காமல் வாங்கினால் கார்டோடு பவர் சப்ளை, பிறகு பெட்டி என்று செலவு வால் பிடித்துக்கொண்டு வரும்.

அடுத்தது பாவித்த பொருள். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் 'தோண்டும்' முறை முடிவுக்கு வந்தது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பாவித்த பொருட் சந்தையில் வந்து குவிந்தன. களனி கங்கை பெருகி 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியிலும் வெள்ளம் வந்தது. தண்ணீரில் நின்ற கணனி துடைத்து விற்பனைக்கு வந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. எனவே துரு இருக்கிறதா, விசிறி சத்தமிடுகிறதா என்று பார்த்து, அரை மணி நேரமாவது ஓட விட்டு, உத்தரவாதம் எழுதிய பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். விற்பவரும் குறையைச் சொல்லி விற்பதே முறை. மறைத்து விற்ற ஒரு கார்டின் இலாபம், இழந்த வாடிக்கையாளரை ஈடு செய்யாது.

இன்னொரு விடயமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்கள் அனேகமாக விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. எவ்வளவு விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் இது மாறாது. வங்கிக் கணக்கையும் வாடிக்கையாளர் விபரத்தையும் வைத்திருக்கும் கடைக்கு வேகத்தை விடப் பாதுகாப்பே முக்கியம். அத்தகைய கணனிக்குப் பெருந்தொகை கொட்டுவது இடியப் போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதாகும்.

2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 வரை சில மாதங்களில் ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. கார்ட் முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். அதில் முடங்கும் ஒவ்வொரு ரூபாவும் கடையில் சரக்காகச் சுழன்றிருக்க வேண்டிய ரூபா.

ஆகவே எனது யோசனை இதுதான். கார்டின் விலையை எழுதுங்கள். அதனால் மாதம் எவ்வளவு மேலதிக வருமானம் வரும் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்புமென்றால் தயங்காமல் வாங்குங்கள். திரும்பாதென்றால் அந்தப் பணத்தைப் புதிய கணனிக்கென்று சேர்த்து வையுங்கள். கடனுக்குச் சரக்கெடுக்கும்போது இருமுறை யோசிக்கிற நாம், கணனி விடயத்தில் மட்டும் கடைப் பொடியனின் சொல்லை நம்பிப் பணத்தை நீட்டுவது எந்த விதத்தில் நியாயம்?