சேர்த்துவிட்டால் போதுமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் குவிகின்றன. பி.காம்., கணினி அறிவியல் போன்ற பிரிவுகளுக்கு அடிதடி. கலந்தாய்வு முடிந்த பிறகும் இடம் கிடைக்காதவர்கள் கல்லூரி வாசலில் நிற்க, உயர்கல்வித் துறையிலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது: அரசு கல்லூரிகளில் 20 சதவீதம், உதவி பெறும் கல்லூரிகளில் 15 சதவீதம், சுயநிதிக் கல்லூரிகளில் 10 சதவீதம் கூடுதல் இடங்கள். பெற்றோருக்கு நிம்மதி, அரசுக்கு நல்ல பெயர். கூடுதலாகச் சேரும் பிள்ளைகளுக்கு யார் பாடம் நடத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

உயர்கல்விக்கு நம் அரசுகள் செலவு செய்யவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அரசு கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன் என, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கடைசி இரண்டு திட்டங்களுக்கு முன்பே பலன் கண்கூடு. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி கல்லூரி செல்லும் வயதினரின் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக அந்த உயரத்தில் நிற்கிறார்கள்.

இந்தச் செலவை ‘இலவசம்’ என்று இகழ்வோருடன் நமக்கு உடன்பாடில்லை. கல்லூரிக்கு அனுப்புவதா, பின்னலாடைக் கம்பெனிக்கு அனுப்புவதா என்று ஒரு குடும்பம் தடுமாறும் வேளையில், பெண்ணின் வங்கிக் கணக்கில் அவள் பெயரிலேயே விழும் ஆயிரம் ரூபாய்க்கு உள்ள மதிப்பு வேறு. தேர்வுக் கட்டணத்துக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பதே படிப்பை விடாமல் இருக்க ஒரு காரணம். இந்தத் திட்டங்கள் தொடர வேண்டும்.

ஆனால், மாணவரைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வரை தாராளமாக இருக்கும் அரசின் கை, அவர் வகுப்பில் உட்கார்ந்ததும் இறுகிவிடுகிறது. நம் ஆதங்கம் இதுதான்.

மாநிலத்தில் 170-க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் இயங்குகின்றன. பலவற்றில் இரண்டு ஷிப்ட். அவற்றைத் தாங்கிப் பிடிப்பவர்கள் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். இவர்களில் பலர் முனைவர் பட்டமோ, ‘நெட்’, ‘செட்’ தேர்ச்சியோ பெற்றவர்கள். இவர்களின் தொகுப்பூதியம், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் மாதம் 25,000 ரூபாயை எட்டியது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு மட்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்திருக்கிறது. அதில் பாதிதான் இங்கே தரப்பட்டது.

நிரந்தர நியமனத்தின் கதை இன்னும் சோகம். 2019-ல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆண்டுகள் கழிந்து அது கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மறுபடி அறிவிப்பு, தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் வந்த அறிவிப்பில் எண்ணிக்கை 2,708 ஆகச் சுருங்கியிருந்தது. இதற்கிடையே புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன, இடங்கள் கூட்டப்பட்டன, மாணவர்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். 2019-ல் முதலாண்டில் சேர்ந்தவர் முதுகலையும் முடித்து வெளியேறிவிட்டார். அவர் துறையின் காலியிடம் அப்படியே இருந்தது.

ஏன் இப்படி? காரணம் கோப்புக் கணக்கில் இருக்கிறது. உதவித்தொகை ஒரு திட்டம். அதற்குப் பெயர் சூட்டலாம், விழா எடுக்கலாம், இத்தனை லட்சம் பேர் பயன்பெற்றார்கள் என்று சொல்லலாம். ஓர் ஆசிரியர் பணியிடமோ முப்பது ஆண்டுச் சம்பளம், அதன்பின் ஓய்வூதியம். நிதித்துறையின் பார்வையில் அது பாரம். ஆக, முன்னது சாதனைப் பட்டியலிலும் பின்னது செலவுப் பட்டியலிலும் சேர்கின்றன. ஆட்சிகள் மாறினாலும் இந்தக் கணக்கு மாறியதில்லை.

இதன் விலையை முதல் செமஸ்டரில் மாணவர் கொடுக்கிறார். பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைப் பிரிக்கிறார். சேர்க்கை பல கட்டங்களாக இழுபட்டு முடிவதற்குள் வாரங்கள் போய்விடுகின்றன. நவம்பரில் செமஸ்டர் தேர்வு. பள்ளியில் நழுவவிட்டதைக் கல்லூரியில் பிடித்துக்கொள்ள அவகாசமே கிடையாது. ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அப்படி வந்தவர்கள் பொறியியல் கணக்கில் தடுமாறியதைப் பார்த்துத்தான் 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது. தேர்வுச் சுமை குறைவது நல்லதே. ஆனால் பழைய ஓட்டை மறுபடி திறந்தால், அதை அடைக்கும் வேலை கல்லூரியின் முதலாண்டு ஆசிரியர் தலையில்தான் விழும். அந்த ஆசிரியர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. அரியர் என்பது மாணவரின் சோம்பேறித்தனத்தால் மட்டும் விளைவதில்லை.

தனியார் பக்கம் வேறு கதை. 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. அரசு பணம் போடாமலே இடங்கள் பெருகின. ஒரு கட்டத்தில் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. பிறகு கட்டணச் சலுகை, கல்வி உதவித்தொகை வழியாக அரசுப் பணம் அங்கேயும் போய்ச் சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு, மறுக்க முடியாது. ஆனால் பணம் தலைக்கு இவ்வளவு என்று போகிறது. இடத்தை நிரப்பினால் வருமானம். சேர்ந்த பிள்ளை தேறினாலும் தேறாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான். அதனால் ஆய்வகத்தைவிட விளம்பரப் பலகைக்கே முதலில் செலவாகிறது. அரசுத் தொகை வரத் தாமதமானால் நெருக்கடி மாணவர் மீது இறங்குகிறது. உதவி பெறும் கல்லூரிகளிலோ பழைய பிரிவுகளுக்கு அரசுச் சம்பளம், புதிய பிரிவுகள் எல்லாம் சுயநிதி. ஒரே ஓய்வறையில் ஒரே தகுதியுள்ள இருவர். சம்பளம் மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக.

மத்திய அரசின் பங்கும் இதில் குறைவில்லை. மாநில உயர்கல்வி நிறுவனங்களுக்கு நிதி தர 2013-ல் தொடங்கிய ரூசா திட்டம், பல பிரிவுகளில் ‘நாக்’ எனும் தேசியத் தர மதிப்பீட்டைத் தகுதியாக வைத்தது. நிரந்தர ஆசிரியர் இல்லாத கிராமப்புறக் கல்லூரிக்கு நல்ல மதிப்பீடு கிடைக்காது. மதிப்பீடு இல்லாததால் நிதி கிடைக்காது. நிதி இல்லாததால் மதிப்பீடு உயராது. 2023-ல் அது பி.எம். உஷாவாகப் பெயர் மாறியபோது, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தம் நிபந்தனையாக வந்தது. பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா நிதியிலும் இதே பாணிதான். 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்கு அரசுப் பள்ளிப் பிள்ளையின் பணத்தைப் பணயம் வைப்பது அநியாயம். இன்று பள்ளியில் நிற்கும் பணம், சில ஆண்டுகளில் கல்லூரி வகுப்பில் பள்ளமாகத் தெரியும்.

படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப 2022-ல் ‘நான் முதல்வன்’ என்ற திறன் பயிற்சித் திட்டம் வந்தது. திறன் பயிற்சி நல்ல யோசனை. ஆனால் கூட்டுவட்டி புரியாமல் பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு வந்த மாணவருக்கு டேட்டா அனலிட்டிக்ஸ் சான்றிதழ் கொடுப்பதால், சான்றிதழ் ஒன்று கூடும், தயார்நிலை கூடாது.

‘தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுங்கள்’ என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1979-லேயே இதைத் தொடங்கியது; பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. பட்டம் பெறுவோர் எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை என்பதும், சில கல்லூரிகள் நன்றாகப் படிப்பவர்களை மட்டுமே பொறுக்கிச் சேர்த்தன என்பதுமே ஆய்வாளர்கள் கண்டது. இங்கே அதைக் கொண்டுவந்தால் முதலில் வெளியே தள்ளப்படுவது முதல் தலைமுறைப் பிள்ளைதான்.

அதே நாட்டில் வேறோர் அனுபவமும் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் ‘அசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் விழும் துண்டை ஈடுகட்டியது, பயண அட்டை கொடுத்தது. அதோடு நிற்காமல், ஒவ்வொரு மாணவருக்கும் அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகரையும், பின்தங்கிய பாடங்களுக்குத் தனிப் பயிற்சியையும் தந்தது. மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள், திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம். உள்ளே 40 சதவீதம். பஸ் பாஸும் ஆயிரம் ரூபாயும் நாம் ஏற்கெனவே தருகிறோம். நம்மிடம் இல்லாதது அந்த ஆலோசகரும் ஆசிரியரும்தான்.

எனவே அரசிடம் நாம் கேட்பவை இவை. கூடுதல் இடங்களை அறிவிக்கும் அரசாணையிலேயே அதற்கேற்ற ஆசிரியர் இடங்களும் வகுப்பறைகளும் அறிவிக்கப்பட வேண்டும். ஆசிரியர் தேர்வு ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் நடக்க வேண்டும். அதுவரை கௌரவ விரிவுரையாளர்களுக்கு 12 மாதமும், மானியக் குழு சொன்ன அளவிலும் ஊதியம் வேண்டும். முதல் செமஸ்டரில் மொழிக்கும் கணக்குக்கும் இணைப்புப் பாடம் நடத்தத் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். அரசுப் பணம் பெறும் தனியார் கல்லூரிகள், அந்த மாணவர்களுக்கு என்ன கூடுதல் பயிற்சி தந்தோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இத்தனை லட்சம் பேருக்கு உதவித்தொகை தந்தோம் என்ற எண்ணிக்கையோடு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் அரியர் இல்லாமல் பட்டம் பெற்றார்கள் என்ற எண்ணிக்கையையும் கல்லூரி வாரியாக ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் வைக்கட்டும். அந்தப் பட்டியல் ஒருமுறை வெளியே வந்துவிட்டால், ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடும் துணிச்சல் எந்த அரசுக்கும் வராது.