பூவரசங்கம்பு

புலம்பெயர் நாடுகளில் பழைய மாணவர் ஒன்றுகூடல் எதற்குச் சென்றாலும் ஒரு காட்சி தவறாது இடம்பெறும். உணவு முடிந்து, பேச்சு ஊருக்குத் திரும்பியதும் எவரேனும் ஒருவர் எழுந்து, ஆரம்பப் பாடசாலையில் தாம் வாங்கிய அடிகளைச் சுவைபடச் சொல்லத் தொடங்குவார். மண்டபம் சிரிக்கும். ‘அந்த அடிதான் எங்களை மனிசராக்கினது’ என்று ஒருவர் முடித்து வைக்க, எல்லோரும் தலையசைப்பர். அண்மையில் நானும் அவ்வாறு சிரித்தேன். வீடு திரும்பிய பின்னரே அது உறுத்தத் தொடங்கிற்று.

1986 இல் யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலையொன்றில் முதலாம் வகுப்பில் சேர்ந்தேன். ஓட்டுக் கூரை, அரைச்சுவர். வகுப்புகளுக்கிடையே தட்டியும் இல்லை. பக்கத்து வகுப்பின் வாய்பாடு எங்களுக்கும் மனனமாயிற்று. என் அருகிலிருந்தவன் இடக்கையால் எழுதுபவன். அவனது விரற்கணுக்களில் நாள்தோறும் பூவரசங்கம்பு விழுந்தது. எழுத்து வலக்கைக்கு மாறவில்லை. அவன்தான் பள்ளிக்கு வராமற் போனான். வேலியிற் கம்பு முறித்து வரும் பணி எனக்குரியது. நல்ல கம்பாகத் தெரிந்து கொடுத்தால் ஆசிரியரிடம் ஒரு மதிப்பு. ஒன்றுகூடல்களில் அவனை நான் கண்டதில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய் அருமையாகி, ஜாம் போத்தல் விளக்குகளில் படித்தோம். கொப்பிகளுக்கும் தட்டுப்பாடு. எமது ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒரே தாளில் முதலிற் பென்சிலாலும், பின்னர் அதன்மேற் பேனையாலும் எழுதப் பழக்கினார். விமானம் இரைந்தால் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டு, அங்கும் வாய்பாடு சொல்விப்பார். எனது ழகரத்தின் சுழி திருந்தும்வரை பலநாள் என் கையைப் பிடித்து எழுதுவித்தார். கம்பை ஒருநாளும் தொட்டதில்லை. அவரைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லைப் போலும்.

இந்த மறதி தீங்கற்றதன்று. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளிற் சம்பளமின்றிக் கற்பிப்போரிடம், ‘ரெண்டு போட்டுப் படிப்பியுங்கோ’ என்று கூறும் பெற்றோர் இன்றும் உளர். சுவீடன் 1979 இலும், நோர்வே 1987 இலும், ஜேர்மனி 2000 ஆம் ஆண்டிலும் பெற்றோர் அடிப்பதைக்கூடச் சட்டத்தால் விலக்கின. இதனை வெள்ளையரின் வழக்கம் என்று எம்மவர் முணுமுணுப்பர். இலங்கைக் கல்வி அமைச்சே 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையொன்றிற் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென அறிவித்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடி எம்மை மனிதராக்கியதா என்பதை நான் கண்டது வேறிடத்தில். பின்னாளிற் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாக நின்றபோது, கேள்வி கேளுங்கள் என்று மன்றாடினாலும் முன்வரிசையே தலை கவிழ்ந்திருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள். விடை பிழைத்தால் அடி என்பதை ஐந்து வயதிலேயே கற்றுவிட்டவர்கள். மூன்றாண்டு விரிவுரையால் என்னால் அதனை மாற்ற இயலவில்லை.

அடுத்த ஒன்றுகூடல் தைப்பொங்கலை ஒட்டி நடைபெறுமென அறிவித்திருக்கின்றனர். பேசக் கேட்டால், இடக்கைக்காரனின் கதையைச் சொல்வதாக இருக்கிறேன். கம்பு முறித்தவன் யாரென்பதையும் சேர்த்து.