கேம்பஸ் இன்டர்வியூவில் வரும் 'பங்காளி' கேள்வி... மனப்பாடம் பண்ணினால் போதுமா?

ஊர்க் கோயில் கொடையில் முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால், "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்பா, தாத்தா, பூட்டன் என இருவரும் மேலே ஏறிக்கொண்டே போவார்கள். ஏதோ ஒரு பெயரில் இரண்டு வரிசையும் சேர்ந்ததும், "அட, அப்போ நாம பங்காளிங்க!" என்பார்கள். ஐ.டி இன்டர்வியூக்களில் கேட்கப்படும் 'லோயஸ்ட் காமன் ஆன்சஸ்டர்' கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான்.

அதென்ன கேள்வி?

பைனரி ட்ரீயில் ஒரு கணுவுக்கு அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். உச்சியில் 1, அதன் பிள்ளைகள் 2, 3. இரண்டின் பிள்ளைகள் 4, 5. மூன்றின் பிள்ளைகள் 6, 7 என்று வைத்துக்கொள்வோம். 4, 5 இரண்டுக்கும் மிக அருகிலுள்ள பொது மூதாதை 2. 4, 6 என்றால் 1. சரி, 2, 5 என்றால்? விடை 2. இங்கே ஒரு கணு தனக்குத்தானே மூதாதையாகவும் கணக்கில் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு கணுவும் தன் இரண்டு பக்கமும் "நாம தேடுற ஆள் அங்க இருக்காங்களா?" என்று கேட்கிறது. தேடப்படும் கணுவே தான் என்றால், கீழே கேட்காமல் "நான்தான்" என்று சொல்லிவிடும். இரு பக்கமிருந்தும் பதில் வந்தால் கேட்ட கணுதான் விடை. ஒரு பக்கம் மட்டும் வந்தால், அந்தப் பதிலை அப்படியே மேலே அனுப்பும். பத்து வரியில் எழுதிவிடலாம். அதனாலேயே பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

சிக்கல் எங்கே?

மேலே சொன்ன மரத்தில் 4, 9 என்று கேட்டுப் பாருங்கள். 9 அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் அந்தப் பத்து வரி, "விடை 4" என்று கூசாமல் சொல்லும். எரர் எதுவும் வராது. 'இரண்டு கணுவும் மரத்தில் இருக்கும்' என்ற நிபந்தனையை நம்பி எழுதிய கோடு அது. மனப்பாடம் செய்தவருக்கு அந்த நிபந்தனையே தெரியாது.

வேலையிலும் இது வரும். இருவர் தனித்தனிக் கிளையில் செய்த மாற்றங்களை ஒன்றாக்கும்போது, 'கிட்' மென்பொருள் அவர்கள் பிரிந்த இடத்தைத் தேடி எடுத்து ஒப்பிடுகிறது. அங்கே ஒரு பதிவுக்கு இரண்டு பெற்றோர்கூட இருக்கலாம். அந்தப் பத்து வரி அங்கே அப்படியே செல்லாது.

ஒரே மரத்தில் லட்சம் முறை கேட்டால்? ஒவ்வொரு முறையும் முழு மரத்தையும் அலசுவது வீண். மரத்தை முதலில் ஒருமுறை தயார்செய்துவிட்டால், மரம் எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு கேள்விக்கும் மாறாத நேரத்தில் விடை சொல்லலாம் என்று டோவ் ஹாரெலும் ராபர்ட் டார்ஜனும் 1984-லேயே காட்டிவிட்டார்கள்.

ஆகவே கேள்வியில் தப்பில்லை, தயாராகும் விதத்தில்தான் தப்பு. "இரண்டு கணுவும் கட்டாயம் இருக்குமா? எத்தனை முறை கேட்பீங்க?" என்று திருப்பிக் கேட்கும் மாணவருக்கு, கோடு பாதியில் நின்றாலும் இன்டர்வியூ எடுப்பவர் மதிப்பெண் தர வேண்டும். கல்லூரிகளும் விடையைத் தருவதற்கு முன், தாளில் மரம் வரைந்து இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்கலாமே!