பழைய அட்டை புதிய கருவியில் ஓடுமா?



படிவம் இரண்டு மாணவர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "டீச்சர், அண்ணனிடம் நிண்டெண்டோ ஸ்விட்ச் அட்டைகள் பத்து இருக்கு. தீபாவளிப் பணத்தைச் சேர்த்து ஸ்விட்ச் 2 வாங்கினால் அதெல்லாம் அதுல ஓடுமா?" நண்பர்கள் திரையின் அளவையும் வேகத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள். சரியான கேள்வியைக் கேட்டவர் இவர்தான்.

விளையாட்டு என்பது செயலிக்குக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பு. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனி மொழி உண்டு. மொழி புரியாவிட்டால், அட்டை கச்சிதமாகப் பொருந்தினாலும் விளையாட்டு ஓடாது.

இதற்கு இரண்டு தீர்வுகளைப் பாருங்கள். 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸில் புதிய செயலியோடு பழைய வகைச் செயலியையும் சேர்த்தே வைத்தார்கள். அதனால் 1989இல் வெளிவந்த முதல் கேம் பாயின் அட்டைகளும் அதில் ஓடின. 2025 ஜூன் மாதம் வந்த ஸ்விட்ச் 2இல் பழைய கருவியின் பாகங்கள் இல்லை. நீங்கள் விளையாடும்போதே மென்பொருள் பழைய கட்டளைகளை மாற்றித் தருகிறது. ஆகவே, பெரும்பாலான ஸ்விட்ச் விளையாட்டுகள் ஓடும். எல்லாம் ஓடும் என்ற உறுதி இல்லை.

இந்த வசதி என்றும் நிலைக்கும் என்றும் நம்பாதீர்கள். 2004இல் வந்த டிஎஸ் கருவி, கேம் பாய் அட்வான்ஸ் அட்டைகளை ஏற்றது. 2008இல் வந்த டிஎஸ்ஐ கருவியை மெல்லியதாக்க, அந்த அட்டையைச் செருகும் இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஜொகூர் பாருவில் பழைய கருவி வாங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அது ஜப்பானில் விற்கப்பட்ட 3டிஎஸ் என்றால், ஐரோப்பா, அமெரிக்கா வட்டாரங்களுக்கான அட்டைகளை ஏற்காது. அதனுடன் வரும் சார்ஜர் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியே செருகினால் சார்ஜர் கருகிவிடும். சார்ஜரின் மேல் '100-240V' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை.

புதிய அட்டைகளிலும் ஒரு சங்கதி உண்டு. ஸ்விட்ச் 2க்கான சில அட்டைகளில் விளையாட்டே இருக்காது, திறவுகோல் மட்டும்தான். விளையாட்டை இணையத்திலிருந்து பதிவிறக்க வேண்டும். பதிவிறக்கும் சேவை ஒருநாள் நின்றுபோனால், புதிதாகக் கருவி வாங்கும் உங்கள் தம்பிக்கு அந்த அட்டை எதற்கு உதவும்?

வேகமான செயலி இரண்டு ஆண்டுகளில் பழையதாகிவிடும். அண்ணன் விளையாடியதைத் தம்பியும் விளையாட முடிந்தால், அப்பா அம்மாவின் பணம் இரண்டு முறை பயன்படுகிறது. என்னைக் கேட்டால், அதுவே ஒரு கருவியின் முதல் சிறப்பு.

கடைக்குப் போகுமுன் வீட்டில் உள்ள அட்டைகளை எழுதிக்கொள்ளுங்கள். எவை ஓடும் என்பதை நிறுவனத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். பிறகு விலையைக் கேளுங்கள்.